இன்டர்செப்டர் 650: 58,000 கிலோமீட்டருக்குப் பிறகு அடுத்த என்ஜினிடம் நான் கேட்பது

வீட்டில் இரண்டு வண்டிகள் நிற்கின்றன. ஒன்று அப்பா 1993-ல் வாங்கிய காஸ்ட் அயர்ன் புல்லட் 350. இன்னொன்று 2019 தை மாதம் நான் எடுத்த இன்டர்செப்டர் 650. இருப்பது தண்டையார்பேட்டை. திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலைக்குச் சைக்கிளிலேயே போய்விடலாம். அதனால் எங்கள் தெருவில் ராயல் என்ஃபீல்டு புது என்ஜின் போடப்போகிறது என்று பேச்சு வந்தாலே, டீக்கடையில் உட்காருகிற ஆளுக்கு ஒரு கருத்து இருக்கும். போன மாதமெல்லாம் 650-க்கு அடுத்து 750 சிசி இரட்டை சிலிண்டர் என்ஜின் வரப்போகிறது என்ற பேச்சுதான். அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் புல்லட்டைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

புல்லட்டில் கியர் வலது காலில். ஒன்று மேலே, மூன்று கீழே. பிரேக் இடது காலில். இன்டர்செப்டரில் எல்லாம் தலைகீழ். ஒரு வண்டியை விட்டிறங்கி இன்னொன்றில் ஏறினால் முதல் சிக்னல் வரை கால்களுக்குள் சண்டை. ஒருமுறை மின்ட் பக்கம் மாட்டு வண்டிக்குப் பின்னால் பிரேக் என்று நினைத்து கியரை மிதித்தேன். மாட்டுக்கும் எனக்கும் நடுவில் ஒரு சாண் இடம்கூட மிச்சமில்லை. இப்போது ஏறி உட்கார்ந்ததும் எந்த வண்டி என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறேன். மனைவி சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.

ராயபுரத்தில் ஒரு பாய் இருக்கிறார். அப்பா காலத்திலிருந்து புல்லட் அவரிடம்தான். டேப்பெட் வைக்க, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவிலுள்ள கேப்பைச் சரிசெய்ய, ராத்திரியே வண்டியைக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். காலையில் என்ஜின் சில்லென்று இருக்கும்போதுதான் கையை வைப்பார். வலது பக்கம் சிலிண்டருக்குக் கீழே சின்னதாக ஒரு மூடி, அதற்கு ஒரே ஒரு நட். மூடியைக் கழற்றினால் வால்வுகளைத் திறக்கத் தள்ளும் கம்பிகளான இரண்டு புஷ்ராடுகளின் அடிப்பகுதி தெரியும். சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஷரைப் பிடித்துக் கிக்கரை மெதுவாக இறக்கி, பிஸ்டனை கம்ப்ரஷன் உச்சிக்குக் கொண்டுவருவார். அப்புறம் இரண்டு ஸ்பேனர். கேப்பை அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் எல்லாம் கிடையாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் புஷ்ராடைப் பிடித்து உருட்டுவார். உருள வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. "இந்தா தம்பி, நீ சுத்திப் பாரு" என்று என் விரலையும் வைக்கச் சொல்வார். பத்து வயதில் முதல்முறை சுற்றிப் பார்த்தேன். ஊதுபத்திக் குச்சியை உருட்டுவது மாதிரி இருந்தது. முழுசாக இருபது நிமிஷ வேலை.

இனி இன்டர்செப்டர். 2017 நவம்பரில் மிலான் கண்காட்சியில் காட்டி, ஒரு வருஷம் கழித்து இந்தியாவில் விற்பனைக்கு விட்டார்கள். 648 சிசி, இரட்டை சிலிண்டர், 47 குதிரைத்திறன், ஆறு கியர். ஓட்டியவரைக்கும் இதன் உயிர் அந்த 270 டிகிரி கிராங்க்தான் (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டு) என்பேன். இரண்டு பிஸ்டனும் சேர்ந்தாற்போல் ஏறி இறங்குவதில்லை. ஒரு வெடிப்புக்குப் பிறகு கிராங்க் 270 டிகிரி சுற்றியதும் அடுத்தது. அதற்கடுத்தது வர 450 டிகிரி. தவில்காரர் ஒரு அடியைச் சீக்கிரம் போட்டுவிட்டு அடுத்ததற்குக் காக்க வைப்பாரே, அப்படி. புல்லட்டின் தனிச் சத்தத்துக்குப் பழகிய காது இதை ஏற்றுக்கொண்டதற்கு இந்தச் சீரில்லாத தாளம்தான் காரணம் என்று நினைக்கிறேன். சீராக ஓடும் ட்வினாக (இரட்டை சிலிண்டராக) இருந்திருந்தால் எங்கள் ஆட்கள் தையல் மெஷின் என்று பெயர் வைத்திருப்பார்கள்.

இழுவையில் 80 சதவீதம் 2,500 சுற்றிலேயே கிடைத்துவிடும் என்று கம்பெனி சொன்னது. கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவு. பெரும்பாலும் மூன்றாவது கியரிலேயே ஏறினேன். பின்னால் மனைவி, இரண்டு பக்கமும் பை. வளைவில் வண்டி திணறும், கியரைக் குறைக்கலாம் என்று கை கிளட்சுக்குப் போகும், அதற்குள் வண்டியே ஏறிவிடும். மைலேஜ் ஊருக்குள் 24, ஈசிஆரில் 90-ஐத் தாண்டாமல் போனால் 28. செயின் செட் 27,000-ல் ஒருமுறை மாற்றியாயிற்று. பின் டயர் இப்போது நான்காவது. மற்றபடி ஆயில், ஃபில்டர், பிரேக் பேட், ஒரு பேட்டரி. ஏழாவது வருஷத்தில் இதைவிடக் குறைவாக ஒரு வண்டி கேட்க முடியாது.

ஒரே ஒருமுறை காலை வாரியது, அதற்கும் வண்டியைக் குற்றம் சொல்ல முடியாது. 31,000 கிலோமீட்டரில் அவசரத்துக்கு ஊர் தாண்டி ஒரு பட்டறையில் விட்டேன். பெயர் வேண்டாம். பெங்களூரிலிருந்து நேராக ஓட்டிப்போய் நிறுத்திய வண்டி. ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் டேப்பெட் வைத்து முடித்துவிட்டார்கள். சூட்டோடு வைத்தால் கேப் பொய்தானே சொல்லும்! மறுநாள் காலை ஸ்டார்ட் ஆனது, ஆனால் ஐடிலில் நிற்கவே இல்லை. இரண்டு வாரம் சென்சார் என்றார்கள், த்ராட்டில் பாடி என்றார்கள். கடைசியில் பாயிடம் போனேன். அவர் கம்ப்யூட்டர் வண்டி பார்க்க மாட்டார். ஆனாலும் டேப்பெட் என்றதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தலையில் எட்டு வால்வு இருந்தாலும் இந்த என்ஜினில் கேப் வைப்பது ஸ்க்ரூவும் லாக் நட்டும்தான். ராத்திரி ஆறவிட்டு, காலையில் கேஜ் வைத்துச் சரிசெய்தார். "அதே வேலதான் தம்பி. ஆளுதான் எட்டுப் பேரு" என்றார்.

அன்றைக்குப் பிறகு புது என்ஜின் செய்தி எது வந்தாலும் நான் முதலில் பார்ப்பது குதிரைத்திறனை இல்லை, டேப்பெட் எப்படி வைப்பது என்பதைத்தான்.

புது என்ஜின் வந்தால் எங்கள் கூட்டம் முதலில் ஒப்பாரி வைக்கும். 2008, 2009 வாக்கில் கியர்பாக்ஸையும் சேர்த்து ஒரே கூடாக யூசிஇ என்ற என்ஜின் வந்தபோது புல்லட் செத்துப்போச்சு என்றார்கள். அதில் எண்ணெய் அழுத்தத்தால் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட், வைக்கவே வேண்டாம் என்றதும் பாய்க்கே கோபம். அந்த யூசிஇ போட்ட கிளாசிக்தான் தெருவுக்குப் பத்தாக நின்றது. 2020-ல் மீட்டியாரில் ஜே சீரிஸ் 349 சிசி வந்தது. பேலன்சர் ஷாஃப்ட் போட்டு அதிர்வை அடக்கிவிட்டார்கள், கிக்கரையும் எடுத்துவிட்டார்கள். மறுபடி ஒப்பாரி. முன்பு திட்டிய யூசிஇக்கு இப்போது பழைய வண்டிச் சந்தையில் ஏக்கப் பெருமூச்சு. 2020-ல் பிஎஸ்6 புகை விதி வந்தபோது நின்றுபோன 500 சிசி ஒற்றை சிலிண்டருக்கு மட்டும் என் பெருமூச்சும் உண்டு. ஹைவேயில் அது போகும் சத்தம் தனி. திரும்ப ஒரு பெரிய சிங்கிள் வந்தால் கடன் வாங்கியாவது எடுப்பேன் என்று சொல்லும் மூன்று பேரை எனக்குத் தெரியும். அதில் ஒருத்தன் நான்.

750 வரட்டும். ஆனால் எடை? கிளாசிக் 650 ஏற்கெனவே 243 கிலோ. எங்கள் வீட்டு வாசலில் சாக்கடை மூடிமேல் பலகை போட்டுத்தான் வண்டியை ஏற்ற வேண்டும். என் இன்டர்செப்டரையே மழை நாளில் ஒற்றை ஆளாக ஏற்றினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. இன்னும் நூறு சிசிக்காகப் பத்து கிலோ ஏறும் என்றால் எனக்கு வேண்டாம். 650-யிலேயே பதினைந்து கிலோ குறைத்துத் தரட்டும், ஓடிப்போய் முன்பணம் கட்டுவேன்.

ஹிமாலயன் 450-ல் போட்ட ஷெர்பா என்ஜினை நண்பனிடம் வாங்கி ஓட்டினேன். தண்ணீரால் குளிரும் 452 சிசி, 40 குதிரைத்திறன். இந்தக் கம்பெனி இப்படியும் செய்யுமா என்று வாய் பிளந்தது நிஜம். ஆனால் தலையில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் இரண்டு. கேப் மாற வேண்டுமென்றால் கேமைக் கழற்றி, அளவு பார்த்து ஷிம் என்ற சின்னத் தகட்டை மாற்ற வேண்டும். ஸ்பேனர் இரண்டை வைத்துக்கொண்டு மரத்தடியில் முடிகிற வேலை இல்லை. வேகம் வேண்டுபவர்களுக்கு அது நியாயமான விலைதான், மறுக்கவில்லை. அடுத்து வரும் ட்வின் பழைய தோற்றத்தில் வரப்போகிறது என்றால், அந்தத் தோற்றத்துக்குள்ளே ஸ்க்ரூவும் லாக் நட்டும் இருக்கட்டும். டேங்க் மேல் கையால் இழுத்த தங்கக் கோடு இருப்பது மாதிரி அதுவும் பாரம்பரியத்தில் சேர்த்திதான் என்று எனக்குப் படுகிறது. இதே கம்பெனியின் மின்சார வண்டியான ஃப்ளையிங் ஃப்ளீயில் டேப்பெட்டே இல்லை. அதைப் பற்றிப் பாயிடம் சொன்னேன். "அப்ப எனக்கு ரிட்டயர்மென்ட்" என்று சொல்லிவிட்டு பீடியைப் பற்றவைத்தார்.

நேற்று ராத்திரி புல்லட்டை அவர் பட்டறையில் விட்டுவிட்டு வந்தேன். பாய்க்கு இப்போது விரல் நுனி கொஞ்சம் மரத்துப்போகிறது, சர்க்கரை. காலையில் போனபோது மூடியைக் கழற்றி, பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார். ஸ்பேனர் இரண்டையும் என் பக்கம் தள்ளினார். நான் உருட்டினேன். எக்ஸாஸ்ட் புஷ்ராட் லேசாக மேலும் கீழும் ஆடியது. "இன்னும் ஒரு கால் சுத்து" என்றார்.