சாக்பீஸ் கட்டமா, பீ-பாட் ரோபோவா, டேப்லெட்டா?

பென்னாகரம் ரோட்டுப் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டு வராண்டாவில் சனிக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பிள்ளைகள் கூடுவார்கள், எல்லாரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்புக்குள். கதை சொல்லி, அந்தக் கதைக்குள் ஒரு சவாலை வைத்து, அது வழியாகக் கோடிங் பழக்குகிறோம். இதற்கு மூன்று வழிகளை முயன்று பார்த்துவிட்டேன். எதை வாங்குவது என்று அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

மூன்றிலும் கதை ஒன்றுதான். தகடூர் அதியமான் மலையில் பறித்த நெல்லிக்கனியை ஔவைப் பாட்டியிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வழியில் ஒரு கட்டத்தில் பாறை, இன்னொன்றில் யானை. ராகிக் கொல்லைக்குள் யானை இறங்குகிற ஊர்களில் சொந்தக்காரர்கள் இருக்கிற பிள்ளைகள் என்பதால், அந்தக் கட்டத்தை ஏன் மிதிக்கக் கூடாது என்று விளக்கவே வேண்டியதில்லை.

முதலில் சாக்பீஸ். தரையில் கட்டம் போட்டு ஒரு பிள்ளை ரோபோவாக நிற்க, மற்றவர்கள் கட்டளை சொல்வார்கள். செலவே இல்லை, எட்டுப் பேருக்கும் வேலை இருக்கும். ஆனால் ரோபோவாக நிற்கிற பிள்ளைக்கு ஔவை எங்கே நிற்கிறாள் என்று தெரியுமே, அதனால் தப்பாகச் சொன்னாலும் அதுவே சரி பண்ணிக்கொண்டு போய்விடும். கண்ணைத் துண்டால் கட்டியபிறகுதான் கட்டளை கொடுப்பவர்கள் யோசிக்க ஆரம்பித்தார்கள்.

பீ-பாட் என்பது தேனீ வடிவத்தில் முதுகில் பட்டன்கள் உள்ள சின்ன ரோபோ. திரை கிடையாது, படிக்கத் தெரிய வேண்டியதில்லை. முன்னால் என்று ஒரு தடவை அழுத்தினால் 15 செ.மீ. நகரும், திரும்பு என்றால் நின்ற இடத்திலேயே 90 டிகிரி திரும்பும், அவ்வளவுதான். இந்த 'நின்ற இடத்திலேயே' என்பதில்தான் எல்லாப் பிள்ளைகளும் மாட்டுகிறார்கள், ஏனென்றால் இடது பட்டனை அழுத்தினால் இடது கட்டத்துக்குப் போய்விடும் என்றுதான் முதலில் நினைப்பார்கள்.

ரெண்டாவது படிக்கிற ஒரு பெண் ரோபோவுக்கு எதிரே உட்கார்ந்து தன் இடது கையைப் பார்த்து அழுத்தினாள், அது நேராக யானையிடம் போய் நின்றது. மறுபடி அழுத்தினாள், மறுபடி யானை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள் எழுந்து சுற்றி வந்து, ரோபோவுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, "இப்ப என் சோத்தாங்கையும் அதோட சோத்தாங்கையும் ஒரே பக்கம்" என்றாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 1967இல் பிள்ளைகளுக்கான லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட், அதில் கட்டளைப்படி திரையில் ஓடும் ஆமையாகத் தன்னையே நினைத்துக்கொண்டு பிள்ளை நடந்து பார்க்கட்டும் என்றது இதைத்தான்.

அப்புறம் இன்னொன்று. பழைய கட்டளைகளை அழிக்காமல் புதிதாக அழுத்தினால், பீ-பாட் பழையதையும் சேர்த்தே ஓடும். அன்றைக்கு அது சுவரில் போய் முட்டியது. "இது எதையும் மறக்கல" என்று கண்டுபிடித்ததும் அவளேதான். நினைவகம் என்ற சொல்லை அதற்குப் பிறகு சொல்லிக்கொடுத்தால் போதும்.

குறை என்றால் விலைதான், ஆயிரக்கணக்கில் ஆகும். தரை மேடு பள்ளமாக இருந்தால் கோணிக்கொண்டும் போகும். ரெண்டடி டைல்ஸ் தரை தோதானது, ஒரு டைலுக்குக் கிட்டத்தட்ட நாலு அடியெடுப்பு வரும்.

டேப்லெட்டில் ஸ்கிராட்ச் ஜூனியர், கட்டளைத் துண்டுகளை வரிசையாகக் கோத்துப் படக்கதை ஓட்டுகிற செயலி, 2014இல் வந்தது, இலவசம், 5 முதல் 7 வயதுக்கானது. கதை என்று பார்த்தால் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை, நாலு பக்கம் வரை காட்சி மாற்றலாம், சொந்தக் குரலையும் பதியலாம். வாயே திறக்காத ஒரு பையன் ஔவையின் குரலில் "புளிக்குது, ஆனா நல்லாருக்கு" என்று பதிந்துவிட்டு அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான். அதற்காகவே இந்தச் செயலி எனக்குப் பிடிக்கும்.

ஆனால் இதில் இடது அம்புக்குறியை வைத்தால் பாத்திரம் அப்படியே இடது பக்கம் போய்விடும், திரும்பிவிட்டு நடக்க வேண்டியதில்லை. அந்தப் பெண் பின்னால் போய்க் குந்திய வேலை இங்கே நடக்காது. விரலாலேயே அதியமானை இழுத்து ஔவை பக்கத்தில் வைத்துவிடவும் முடியும், இரண்டு பேர் அதைத்தான் செய்தார்கள். எட்டுப் பேருக்கு ஒரு டேப்லெட் என்றால் ஒருவர் வானத்துக்கு வண்ணம் பூச ஏழு பேர் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

என்னைக் கேட்டால் ஆறு வயசுக்கு பீ-பாட்தான். ஒரு வீடு தனியாக வாங்க வேண்டாம், தெருவில் ஐந்தாறு வீடு சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும். ஸ்கிராட்ச் ஜூனியரை, திரும்புவதும் நகர்வதும் வேறுவேறு என்று பிள்ளைக்குப் பிடிபட்டபிறகு கொடுங்கள். பணம் சேர்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இந்தச் சனிக்கிழமையே கட்டம் போட்டுவிடுங்கள், கண்ணைக் கட்ட ஒரு துண்டு மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.