த்ரெட் முடிந்ததை டீபக்கர் எப்படி அறிகிறது? மூன்று வழிகள்

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையின் எடைமேடைகளுக்கு லினக்ஸ் நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். ஜூன் மாதம், தோத்தாபுரி லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நேரம், இரண்டாவது மேடையின் எடை திரையில் அசையாமல் நின்றுவிட்டது. நிரல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்த மேடையைப் படிக்கும் த்ரெட் (ஒரே நிரலுக்குள் தனியாக ஓடும் வேலை இழை) மட்டும் காணவில்லை. ஒரு த்ரெட் முடிவதை டீபக்கர்கள், அதாவது ஓடும் நிரலை நிறுத்திப் பிழை தேடும் கருவிகள், எப்படிக் கண்டுபிடிக்கின்றன என்று அன்றுதான் ஆழமாகப் பார்த்தேன்.

ஓடும் நிரல்களின் விவரத்தை லினக்ஸ் காட்டும் ப்ராக் கோப்பகத்தில், த்ரெட்டுகளைக் காட்டும் டாஸ்க் பட்டியலை அடிக்கடி எண்ணிப் பார்ப்பது முதல் வழி. ஒன்று குறைந்தது தெரியும், அவ்வளவுதான். இரண்டு பார்வைக்கு நடுவே பிறந்து முடிந்த த்ரெட் கண்ணிலேயே படாது.

இரண்டாவது, த்ரெட் நூலகத்தின் துணை. த்ரெட் முடியும்போது ஜிலிப்சி (லினக்ஸின் சி நூலகம்) ஒரு வெற்று ஃபங்ஷனை அழைக்கும். டீபக்கர் அங்கே பிரேக்பாயிண்ட் (நிரலை நிறுத்தும் குறி) வைத்துக் காத்திருக்கும். லினக்ஸில் பரவலாகப் பயன்படும் டீபக்கரான ஜிடிபி ஒரு காலத்தில் இதை நம்பியிருந்தது. நூலகத்தைத் தொடாமல் நேரடியாக குளோன் என்ற கர்னல் அழைப்பு மூலம் உருவான த்ரெட்டுகள் இதில் சிக்காது.

என் ஓட்டு மூன்றாவதற்கு: பிட்ரேஸின் (ஒரு நிரல் இன்னொன்றைக் கண்காணிக்க லினக்ஸ் தரும் வசதி) எக்ஸிட் நிகழ்வு. லினக்ஸ் 2.5.60 முதல் இருக்கிறது. முடிவுக்காகக் காத்திருக்கும் சாதாரண அழைப்பான வெயிட்பிட், எல்லாம் முடிந்த பிறகுதான் சேதி சொல்லும். இதுவோ த்ரெட்டை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. ரெஜிஸ்டர்கள் (சிபியூவில் அந்த த்ரெட்டின் மதிப்புகள்) அப்படியே இருக்கும், எக்ஸிட் நிலையையும் கேட்டு வாங்கலாம். முதன்மை த்ரெட் விஷயத்தில் இதன் அருமை புரியும். அது மற்றவற்றுக்கு முன்பே முடிந்துவிட்டால் ஸாம்பியாக, அதாவது முடிந்தும் பட்டியலிலிருந்து நீங்காமல், கிடக்கும், கடைசி த்ரெட் போகும்வரை வெயிட்பிட் வாய் திறக்காது. எக்ஸிட் நிகழ்வு அப்போதே சொல்லிவிடும். நிரலை உடனே கொல்லும் SIGKILL சிக்னல் வந்து விழுந்தால் மட்டும் இதையும் முழுசாக நம்ப முடியாது. விண்டோஸில் இந்தப் பாடெல்லாம் இல்லை. த்ரெட் முடிந்ததும் எக்ஸிட் கோடோடு நிகழ்வு தானே டீபக்கருக்கு வந்துவிடும்.

சரி, டீபக்கருக்குத் தெரிந்தால் போதுமா? நமக்குக் காரணம் வேண்டுமே. நிரலை மறுபடி ஓட்டி, த்ரெட் தன்னை முடித்துக்கொள்ள அழைக்கும் பி-த்ரெட் எக்ஸிட் ஃபங்ஷனில் பிரேக்பாயிண்ட் வைத்தேன். எடை மறுபடி நின்றது, பிரேக்பாயிண்ட்டில் எதுவும் விழவில்லை. அடுத்த முறை, எக்ஸிட் என்ற கர்னல் அழைப்பிலேயே நிறுத்தும்படி ஜிடிபியில் 'கேட்ச் சிஸ்கால் எக்ஸிட்' கொடுத்துக் காத்திருந்தேன், மாட்டியது. பேக்ட்ரேஸில் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியலில்) ஸ்டார்ட் த்ரெட் போன்ற நூலக ஃபங்ஷன்கள் மட்டும்தான் மிச்சம், என் ஃபங்ஷன் ஏற்கெனவே திரும்பிவிட்டிருந்தது. ஆனால் த்ரெட்டுகளுக்கு நான் பெயர் வைத்திருந்ததால், போனது எது என்று பட்டியலில் தெரிந்தது.

அப்புறம் அந்த ஃபங்ஷனின் கடைசி வரியில் பிரேக்பாயிண்ட். போர்ட்டிலிருந்து எடையைப் படிக்கும் ரீட் அழைப்பு தந்த மதிப்பு 0. லாரி ஏறி இறங்கும் அதிர்வில் யூஎஸ்பி சீரியல் வயர் கழன்றிருக்கிறது; 0 வந்ததும் என் வைல் லூப் வேலை முடிந்ததாக எண்ணி வெளியேறியிருக்கிறது. இப்போது 0 வந்தால் போர்ட்டை மூடி மறுபடி திறக்கும்படி மாற்றிவிட்டேன்.