ஸ்டெப்னி குழியில் தண்ணீர்: ரீபில்ட் டைட்டில் கேம்ரியோடு ஐந்து வருடம்

டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகத்தில் எம்.எஸ். சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் ஒரு காரின் படத்தை அனுப்பி, "அண்ணா, ரீபில்ட் டைட்டிலாம். நாலாயிரம் டாலர் கம்மியாத் தர்றாங்க. நீங்களும் அதைத்தானே அஞ்சு வருஷமா ஓட்டுறீங்க, வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். விபத்தில் கழித்துக்கட்டப்பட்டு, பிறகு பழுது பார்த்து ஓடவிட்ட வண்டியின் உரிமைப் பத்திரத்தில் விழும் முத்திரைதான் ரீபில்ட் டைட்டில். அன்றைக்குத்தான் என் காரின் டிக்கி ஒழுகலை மூன்றாவது முறையாகச் சரிசெய்து, 340 டாலர் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தேன். அந்தச் சூட்டில் பதில் சொல்ல வேண்டாம் என்று நிதானமாக எழுதுகிறேன். சூடு முழுக்க ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

வண்டி 2015 டொயோட்டா கேம்ரி, 2.5 லிட்டர், நாலு சிலிண்டர். 2020 செப்டம்பரில் 61,000 மைலில் 8,400 டாலருக்கு வாங்கினேன். அதே வருடம், அதே மைலில், க்ளீன் டைட்டில், அதாவது அப்படி முத்திரை எதுவும் விழாத வண்டிகளை அப்போது பதின்மூன்றாயிரத்துக்குக் குறைத்துத் தர ஆளில்லை. இன்று 1,32,000 மைல் ஓடியிருக்கிறது.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. இது ஓக்லஹோமாவில் பின்னால் இடிபட்ட வண்டி. அந்த மாநிலத்தில், பழுது பார்க்கும் செலவு வண்டி மதிப்பில் 60 சதவீதத்தைத் தாண்டினாலே சால்வேஜ், அதாவது கழித்துக்கட்டிய வண்டி என்று முத்திரை குத்திவிடுவார்கள். டெக்சஸில் செலவு முழு மதிப்பையும் தாண்ட வேண்டும். அதாவது ஒரே அடி வாங்கிய இரண்டு வண்டிகளில், இரண்டு மாநிலத்துக்கும் எல்லையான ரெட் ரிவருக்கு வடக்கே இருந்தது சால்வேஜ் ஆகும், தெற்கே இருந்தது க்ளீன் டைட்டிலோடு ஓடிக்கொண்டிருக்கும். முத்திரை விழுந்த பிறகு எந்த மாநிலத்துக்குக் கொண்டுபோனாலும் அது போகாது. அந்தச் செலவு வரம்பு நியூயார்க்கில் 75 சதவீதம், ஃபுளோரிடாவில் 80. சால்வேஜ் என்ற சொல்லைக் கேட்டதும் பயந்து ஓடுகிறவர்கள் முதலில் அது எந்த மாநிலத்துச் சால்வேஜ் என்று கேட்க வேண்டும். நான் கேட்டேன்.

வண்டி எண்ணின் 17 இலக்கங்களைத் தேடியதில் ஏலத்தில் விட்டபோது எடுத்த படங்கள் கிடைத்தன. பம்பர் நொறுங்கி, டிக்கி மூடி மடங்கி, பின்பக்கத் தகடு உள்ளே தள்ளியிருந்தது. ஸ்டியரிங் நடுவிலும் டேஷ்போர்டிலும் ஏர்பேக் வெடித்த அடையாளம் இல்லை. உள்ளே சேற்றுக்கோடு இல்லை, வெள்ள வண்டி அல்ல. அந்தப் படங்களைப் பார்த்துத்தான் பணம் எடுத்தேன்.

ஓட்டத்தைப் பொறுத்தவரை ஒரு குறை சொன்னாலும் என் நாக்கு அழுகிப்போகும். இன்ஜின், கியர்பாக்ஸ், ஏ.சி. மூன்றிலும் இந்த ஐந்து வருடத்தில் ஒரு டாலர் வைக்கவில்லை. ஆயில், டயர், பிரேக் பேடு, ஒரு பேட்டரி, அவ்வளவுதான். அலைன்மென்ட் பார்த்தவர் நாலு சக்கரமும் அளவுக்குள் நிற்கின்றன என்று தாளை நீட்டினார். ஹூஸ்டன் பக்கத்துப் பேர்லண்ட் மீனாட்சி கோயிலுக்கு வருடத்துக்கு நாலு தடவையாவது போகிறோம். டாலஸிலிருந்து ஒரு வழிக்கு 250 மைலுக்குக் குறையாது. ஐ-45 நெடுஞ்சாலையில் எழுபத்தைந்து மைல் வேகத்தில் விட்டுவிட்டால் கையை எடுத்தாலும் கோடு மாறாமல் போகும். பின்சீட்டில் மகள் ஹூஸ்டன் வரும்வரை தூங்குவாள்.

எல்லாம் சரி. தண்ணீருக்கு வருகிறேன்.

2021 பிப்ரவரி உறைபனியை டெக்சஸில் இருந்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். டாலஸில் மைனஸ் 19 டிகிரி செல்சியஸ் வரைக்கும் இறங்கியது. வீட்டில் கரன்ட் இல்லை, மகளுக்கு அப்போது மூன்று வயது. வண்டியைக் கிளப்பிக் கொஞ்ச நேரம் ஹீட்டரில் உட்காரலாம், போனுக்கும் சார்ஜ் ஏற்றலாம் என்று அதை வாசலுக்குத் தள்ளினேன். கராஜுக்குள் வைத்து ஓட்டக் கூடாது, அந்தக் குளிரில் அப்படி ஓட்டிப் புகையில் உயிரை விட்டவர்கள் உண்டு. சாவியைத் திருப்பினால் பேட்டரி செத்துக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் டிரக்கைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்திவிட்டார். ஜம்பர் கேபிளை நான் ஸ்டெப்னி குழிக்குள் வைத்திருந்தேன். டிக்கி கம்பளத்தைத் தூக்கினால் குழி முழுக்க ஐஸ். ஸ்டெப்னி டயர் பாதி மூழ்கி, ஜாக்கியும் கேபிளும் அதற்குள் உறைந்து கிடந்தன. சுத்தியலால் உடைத்துத்தான் கேபிளை எடுத்தேன். கை மரத்துப்போய் அடித்த அந்தப் பத்து நிமிடத்தில், இந்த வண்டியை ரீபில்ட் செய்தவரை மனதார வைதேன்.

பனி உருகி வெயில் வந்ததும் விற்றவருக்குப் போன் செய்தேன். "ஆஸ் இஸ் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்றார், அதாவது இருக்கிற நிலையிலேயே வாங்கிக்கொள்வதாக. சரிதான், போட்டிருந்தேன். ஐந்து மாதமாக நிறைந்து கிடந்த குழியை ஒரு தடவை கூடத் தூக்கிப் பார்க்காதது என் தப்பு.

பின்னால் இடிபட்ட வண்டியில் தண்ணீர் உள்ளே வர நாலைந்து வழி உண்டு. டெயில் லேம்ப் கேஸ்கட், டிக்கி மூடியைச் சுற்றியுள்ள ரப்பர், பம்பருக்குப் பின்னே ஒளிந்திருக்கும் காற்றுத்திறப்பு, கடைசியாகத் தகடும் தகடும் சேரும் விளிம்பில் பூச வேண்டிய சீம் சீலர் என்ற அடைப்புப் பசை. முதலில் டெயில் லேம்பைக் கழற்றினேன். பழைய கேஸ்கட்டையே நசுங்கினபடி திரும்ப மாட்டியிருந்தார்கள். புதிது இரண்டு வாங்கிப் போட்டதும் ஒழுகல் பாதியாகக் குறைந்தது. அடுத்த வருடம் டிக்கி ரப்பரையும் மாற்றினேன். பிறகும் ஏப்ரல், மே மழைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் நிற்கும். குழியின் அடியில் இருக்கும் ரப்பர் மூடியைப் பிடுங்கிவிட்டால் தானாக வடிந்துவிடும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். செய்தேன். தண்ணீர் வடிந்தது, ஆனால் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் புகை வாடை உள்ளே வந்தது. குழந்தை உட்காரும் இடம். அன்றைக்கே மூடியைத் திரும்பப் போட்டுவிட்டேன். யாரும் அதைச் செய்யாதீர்கள்.

ஈர வாடை தனிக்கொடுமை. எவ்வளவு துடைத்தாலும், வெயிலில் திறந்து வைத்தாலும், ஜூலையில் கதவைத் திறந்தவுடன் பழைய கோணிச் சாக்கு வாடை முகத்தில் அடிக்கும். ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் எதுவும் சொல்லாமல் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்தது இன்னும் மனதில் இருக்கிறது. போன வருடம் கோயிலுக்குப் போகும் வழியில் கார்சிகானா பக்கத்தில் பஞ்சர். வீல் ஸ்பேனர் துருவேறி ஜாக்கியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஐ-45 ஓரத்தில், லாரிகள் காற்றை வீசிக்கொண்டு போக, மகளையும் மனைவியையும் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் உதவிக்குக் காத்திருந்தோம். இஞ்சின் நன்றாக ஓடுகிறது என்ற பெருமை அந்த ஒரு மணி நேரத்தில் எனக்கு எந்த ஆறுதலும் தரவில்லை.

இந்த வருடம் வழி கண்டுபிடித்தது மனைவிதான். "என்னங்க, உள்ளே சுத்தியும் கோலமாவைத் தூவுங்க, தண்ணி எந்தப் பக்கம் வருதுன்னு தடம் தெரியும்" என்றாள். கம்பளத்தை உருவி, குழியைச் சுற்றி, பின் தகட்டின் உள்விளிம்பு முழுக்கக் கோலமாவைத் தூவினோம். டார்ச்சோடு நான் டிக்கிக்குள் முடங்கிக்கொள்ள, அவள் மூடியைச் சாத்திவிட்டு வெளியே குழாயைப் பிடித்தாள். கீழிருந்து மேலாகத்தான் அடிக்க வேண்டும், மேலே ஆரம்பித்தால் எல்லா இடமும் நனைந்து ஒன்றும் புரியாது. ஆறாவது நிமிடம், இடது பக்கம், பம்பருக்குப் பின்னே தகடு டிக்கித் தரையோடு சேரும் மூலையில் வெள்ளை மாவுக்குள் ஒரு கறுப்புக் கோடு மெல்ல இறங்கியது. நாலு வருடமாகத் தேடிய கோடு.

கார்லண்டில் டிங்கரிங் வேலை செய்யும் வயதான மெக்சிகோக்காரர் ஒருவரிடம் காட்டினேன். பம்பரைக் கழற்றி என்னைக் கூப்பிட்டு விரலால் தொட்டுக் காட்டினார். புதுத் தகட்டை நன்றாகத்தான் வெல்டிங் செய்திருக்கிறார்கள், இடைவெளி சமமாக இருக்கிறது. சீம் சீலரை வலது மூலையிலிருந்து நேர்த்தியாக இழுத்து வந்து, இடது மூலையில் நாலு அங்குலத்தை விட்டுவிட்டார்கள். அதன் மேலேயே பெயிண்ட் அடித்து, பம்பரை மாட்டி மூடியாயிற்று. அந்த நாலு அங்குலத்தில் துரு பிடித்து, ஓரம் அப்பளம் மாதிரிப் பொரிந்திருந்தது. பெரியவர் துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, சீலர் பூசித் தந்தார். இன்னும் இரண்டு மழைக்காலம் விட்டிருந்தால் தகட்டை வெட்டித்தான் எடுத்திருக்க வேண்டும் என்றார்.

என் கோபமெல்லாம் அந்த நாலு அங்குலத்தின் மேல்தான். வெளிப்புறப் பெயிண்டில் நிறம் ஒரு சாயல்கூட மாறவில்லை. டிக்கி மூடி ஒரு விரல் தள்ளினால் சாத்திக்கொள்ளும். பட்டி பார்த்த இடமே தெரியாது. அவ்வளவு கைத்திறன் உள்ளவர், குழாயில் மிச்சமிருக்கும் சீலரை இன்னும் ஒரு இழுப்பு இழுப்பதற்கு என்ன? பம்பரை மாட்டிவிட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று தெரிந்தே விட்டதாகத்தான் எனக்குப் படுகிறது.

நிஜமாகவே யாரும் பார்ப்பதில்லை. டெக்சஸில் சால்வேஜ் வண்டியை மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவர முக்கியமாக வேண்டியது விடிஆர்-61 என்ற படிவம்தான். எந்தப் பாகத்தை மாற்றினேன், யாரிடம் வாங்கினேன் என்று பழுது பார்த்தவரே எழுதிக் கையெழுத்துப் போடுகிறார், 65 டாலர் கட்டணம், டைட்டிலில் 'ரீபில்ட் சால்வேஜ்' என்று அச்சாகி வந்துவிடும். வெல்டிங்கையோ சீலரையோ அரசு ஆள் வந்து பார்ப்பதில்லை. வருடாந்தரப் பாதுகாப்புச் சோதனையாவது முன்பு இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் சொந்தக் கார்களுக்கு அதையும் எடுத்துவிட்டார்கள், டாலஸ் மாதிரி சில கவுண்டிகளில் (மாவட்டங்களில்) புகைச்சோதனை மட்டும் மிச்சம். 'ரீபில்ட்' என்ற சொல்லை நான் ஒரு சான்றிதழாக நினைத்து வாங்கினேன். அது ஒருவருடைய வாக்குமூலம் மட்டும்.

எனக்குத் தண்ணீரோடு போயிற்று. அதே ஆள் ஏர்பேக்கில் நாலு அங்குலம் விட்டிருந்தால்? 2024இல் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறையான என்ஹெச்டிஎஸ்ஏ, விபத்துக்குப் பிறகு மாற்றப்பட்ட மலிவான இன்ஃப்ளேட்டர்கள் (ஏர்பேக்கை ஊதும் பாகம்) வெடித்து உலோகத் துண்டுகள் பாய்ந்து ஆட்கள் இறந்ததாக எச்சரிக்கை விட்டது. சில வண்டிகளில் ஏர்பேக்கே இல்லாமல், விளக்கு எரியாதபடி ஒரு ரெசிஸ்டரை மாட்டி மூடிவிடுவதும் உண்டு. சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். ஒரு தடவைகூட எரியவில்லை என்றால் அந்த வண்டியை விட்டு இறங்கிவிடு, தம்பி.

இன்சூரன்ஸ் பற்றிச் சுருக்கமாக. மூன்று கம்பெனிகள் லயபிலிட்டிக்கு (அடுத்தவர் நஷ்டத்துக்கு மட்டும் தரும் காப்பீடு) மேல் தர மாட்டோம் என்றன, நாலாவது படமெல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டு முழுக் கவரேஜ் தந்தது. 2023இல் கடை பார்க்கிங்கில் ஒருவர் என் கதவில் இடித்தபோது, ரீபில்ட் என்பதற்காக வண்டி மதிப்பை அவருடைய இன்சூரன்ஸ்காரர்கள் வெட்டிய வெட்டில் ஒரு கதவுக்கே மறுபடி டோட்டல், அதாவது பழுது பார்க்க லாயக்கற்றது என்று ஆகிவிடும்போல் இருந்தது. மூன்று வாரம் வாதாடி மீட்டேன். கடன் விஷயத்திலும் பெரும்பாலான பாங்குகள் கையை விரித்துவிடும், ரொக்கம் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

கணக்குப் போட்டால் நான் ஜெயித்திருக்கிறேன். ஒழுகலுக்குச் செய்த மொத்தச் செலவு 600 டாலருக்குள் முடிந்துவிட்டது, வாங்கும்போது மிச்சம் நாலாயிரத்துக்கு மேல். இந்தக் கேம்ரியை நான் விற்கப் போவதும் இல்லை. ஆனாலும் தம்பி, உனக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். உன் கையில் இருக்கும் பணத்துக்கு மைல் கூடுதலான, பழைய, க்ளீன் டைட்டில் கரோலா கிடைக்கும். நாளெல்லாம் படித்துவிட்டு ராத்திரி வேலையும் பார்க்கிற பையன், மழை பெய்யும்போதெல்லாம் டிக்கியை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

இல்லை, அந்த வண்டிதான் பிடித்திருக்கிறது என்றால் இப்போதே அட்வான்ஸ் கொடுக்காதே. வண்டி எண்ணை எனக்கு அனுப்பு, ஏலப் படங்களைத் தேடித் தருகிறேன். நல்ல மழை ஒன்று பெய்யட்டும். மறுநாள் காலையில் கூப்பிடு, டார்ச்சோடு நானும் வருகிறேன். முதலில் டிக்கி கம்பளத்தைத் தூக்குவோம்.