இரண்டு பட்டையும் சேர்ந்தே இறங்கினால் சந்தேகப்படுங்கள்

கேம்பரில், அதாவது காரின் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டியில், சிலிண்டரில் எவ்வளவு கேஸ் மீதி என்று போனில் காட்டும் வயர்லெஸ் சென்சார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்ததும் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். ஆப்பைத் திறந்து, செட்டிங்ஸில் இரண்டு சிலிண்டருக்கும் என்ன சென்சார் எண் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். எனக்கு இரண்டிலும் ஒரே எண் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஐந்து மாதமும் ஒரு உறைபனி இரவும் பிடித்தன.

நாங்கள் வாங்கியது பழைய கேம்பர். முன்பக்கம், இழுவைக் கம்பிக்கு மேலே, இரண்டு புரொப்பேன் சிலிண்டர்கள். ஒவ்வொன்றும் 20 பவுண்டு, அதாவது சுமார் 9 கிலோ கேஸ் பிடிக்கும். விற்றவரே சர்வீஸ் கடையும் வைத்திருக்கிறார். எடை குறையட்டும் என்று ஒரு பழைய இரும்புச் சிலிண்டரை எடுத்துவிட்டு அலுமினியச் சிலிண்டர் வைத்துக் கொடுத்ததும் அவர்தான். இது பின்னால் வரும், மறந்துவிடாதீர்கள்.

"சிலிண்டரைத் தூக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்துக் கணக்குப் போடுற காலமெல்லாம் போச்சு சார், இனிமேல் படுத்துக்கிட்டே போன்ல பார்த்துக்கலாம்" என்றார். சென்சாருக்குத் தனி விலை, பொருத்தத் தனிக் கூலி. கொடுத்தோம். வண்டி எடுக்கப் போன அன்று என் போனை வாங்கி அவரே ஆப்பை ஏற்றி, எல்லாம் அமைத்து, நீட்டினார். இரண்டு பச்சைப் பட்டைகள். இடது 100, வலது 100. சிலிண்டர் இரண்டும் அன்று நிஜமாகவே நிரம்பித்தான் இருந்தன, அதனால் கேள்வி கேட்க எதுவும் இல்லை.

முதல் இரண்டு மாதம் அந்தப் பட்டைகள் அசையவே இல்லை. 100, சில நாள் 98, மறுபடி 100. அடுப்பு எரிகிறது, வெந்நீர் வருகிறது, ஃப்ரிட்ஜ் கேஸில் ஓடுகிறது, எண் மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது. நாம் சிக்கனமாக இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். கேம்பர் ஃப்ரிட்ஜ் நாள் முழுக்கக் கேஸில் ஓடினாலே அரைக் கிலோ போல எடுத்துவிடும். இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்தும் யோசிக்கவில்லை.

மூன்றாவது மாதம் பட்டைகள் இறங்க ஆரம்பித்தன. இரண்டும் சேர்ந்தே. 90–90, பிறகு 81–81, அப்புறம் 67–67. "பார், ரெண்டும் சமமாப் பகிர்ந்துக்குது" என்றேன் மனைவியிடம். "அந்த ரெகுலேட்டர் ஒண்ணை முடிச்சுட்டுத்தானே அடுத்ததுக்குப் போகும்?" என்று கேட்டாள். "இது புது மாதிரி" என்றேன். எதை வைத்து அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

அவள் சொன்னதுதான் சரி. இரண்டு சிலிண்டர் கேம்பர்களில் பெரும்பாலும் தானாக மாறும் ரெகுலேட்டர்தான் இருக்கும். அதில் உள்ள கைப்பிடி எந்தச் சிலிண்டரைக் காட்டுகிறதோ அதிலிருந்து முதலில் கேஸ் எடுக்கும். அது காலியாகி அழுத்தம் விழுந்த பிறகுதான் அடுத்ததிலிருந்து இழுக்கும். மாறியது நமக்குத் தெரியட்டும் என்று சின்ன ஜன்னல் ஒன்று இருக்கும். பச்சை போய்ச் சிவப்பு வரும். ஆக, இரண்டு வால்வும் திறந்திருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் குறைய வேண்டும். ஒன்று இறங்கும்போது மற்றது அப்படியே நிற்க வேண்டும். இரண்டும் கைகோத்து இறங்கினால் சிலிண்டரில் ஏதோ விசேஷம் என்று பொருள் இல்லை, ஆப்பில் ஏதோ தில்லுமுல்லு என்று பொருள்.

அந்த இரவு வெளியே உறைநிலைக்கு வெகு கீழே. பத்து மணிக்குப் படுக்கும்போது ஆப்பைப் பார்த்தேன். 42–42. எங்கள் ஃபர்னஸ், அதாவது வண்டியைச் சூடாக்கும் கேஸ் கருவி, மணிக்கு 30,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) எடுக்கும். ஒரு கிலோ புரொப்பேன் ஏறக்குறைய 47,000 பி.டி.யு. வெப்பம் தரும். அதாவது ஃபர்னஸ் நிற்காமல் ஓடினால் மணிக்கு 600 கிராமுக்குச் சற்று மேலே. இரண்டு சிலிண்டரிலும் 42 சதவீதம் என்றால் மொத்தம் ஏழரைக் கிலோ, பன்னிரண்டு மணி நேரம் தாங்கும். காலையில் கிளம்பிப் போய் நிரப்பிக்கொள்ளலாம் என்று நிம்மதியாகப் போர்த்திக்கொண்டேன்.

நாலு மணிக்கு மூக்கு நுனி ஜில்லிட்டு முழிப்பு வந்தது. ஃபர்னஸின் காற்றாடி மட்டும் சுற்றுகிறது, வருவது குளிர்காற்று. போனைப் பார்த்தேன். இரண்டு பட்டையும் சிவப்பு, இரண்டும் பூஜ்யம். டார்ச் எடுத்துக்கொண்டு வெளியே போய் ரெகுலேட்டர் ஜன்னலைப் பார்த்தால் அதுவும் சிவப்பு. அது எத்தனை வாரமாகச் சிவப்பாக இருந்ததோ! போன் கையில் இருக்கும்போது யார் குனிந்து அந்த ஜன்னலைப் பார்க்கப்போகிறார்கள்?

விடியும்வரை காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தொட்டிக்குக் கீழே தண்ணீர்க் குழாய் இணைப்பு ஒன்று உறைந்து விரிந்துவிட்டது. அந்தச் செலவு தனிக் கதை, விடுங்கள்.

வெளிச்சம் வந்ததும் முதல் வேலையாக இடது சிலிண்டரைக் கழற்றி, பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசில் தொங்கவிட்டேன். எல்லாச் சிலிண்டர் கழுத்துப்பட்டையிலும் டி.டபிள்யூ. (TW) என்று போட்டு ஓர் எடை பொறித்திருப்பார்கள். அது காலிச் சிலிண்டரின் எடை. தராசு காட்டியதும் அதுவும் ஒன்றே. சரி, இரவில் தீர்ந்ததுதானே என்று சொல்லலாம். ஆனால் அடியில் பார்த்ததும் கதை புரிந்துவிட்டது.

இந்தச் சென்சார் எப்படி வேலை செய்கிறது என்று சொன்னால்தான் அந்தக் காட்சியின் அழகு உங்களுக்குப் புரியும். சிலிண்டரின் அடிவயிற்றில் வெளிப்பக்கமாக ஒட்டிக்கொண்டு, காதுக்குக் கேட்காத மீயொலியை மேல்நோக்கி அனுப்பும். ஒலி உலோகச் சுவரைத் தாண்டி, திரவ கேஸுக்குள் ஏறி, திரவத்தின் மேல்பரப்பில் மோதித் திரும்பும். போய்வந்த நேரத்தை வைத்து உயரம், உயரத்தை வைத்துச் சதவீதம். நல்ல உத்திதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒலி உலோகத்துக்குள் நுழைய வேண்டுமானால் சென்சாருக்கும் சிலிண்டருக்கும் நடுவே துளிக் காற்றுகூட இருக்கக் கூடாது. அதற்காகத்தான் பிசுபிசுப்பான ஜெல்லோ மெத்தென்ற ரப்பர் திண்டோ வைப்பார்கள். அடிப்பகுதித் துருவையும் மண்ணையும் துடைத்துவிட்டு, சரியாக நடுவில் பதிக்க வேண்டும். பிடித்து நிற்பதற்குக் காந்தம்.

காந்தம் இரும்பில் ஒட்டும். அலுமினியத்தில் ஒட்டாது.

எங்கள் இடது சிலிண்டர், அவரே மாற்றிக் கொடுத்த அலுமினியம். காந்தம் நழுவியிருக்கும். அலுமினியத்துக்கென்றே தாங்கி வளையம், ஒட்டுப்பசை எல்லாம் இருக்கிறது. அதை வரவழைக்காமல், மெத்துமெத்தென்ற இரட்டைப்பக்க ஸ்பான்ஜ் டேப்பை வைத்து ஒட்டியிருக்கிறார். ஸ்பான்ஜ் என்றால் என்ன? முழுக்கக் காற்றுக்குமிழி. காற்று நுழையக் கூடாத இடத்தில் காற்றையே மெத்தையாகப் போட்டிருக்கிறார்! அது ஒருநாளும் எதிரொலியைக் கேட்டிருக்காது. ஆப் "சிக்னல் இல்லை" என்று காட்டியிருக்கும். வண்டி எடுக்க நான் வாசலில் நிற்கிறேன். என்ன செய்தார்? ஆப்பில் இடது சிலிண்டருக்கும் வலது சென்சாரின் எண்ணையே கொடுத்துவிட்டார். இரண்டு பட்டையும் பச்சை, வேலை முடிந்தது.

இதைத் தெரிந்துகொண்டு பின்னோக்கிப் பார்த்தால் எல்லாம் பொருந்துகிறது. ரெகுலேட்டர் முதலில் இடதைக் குடித்துத் தீர்த்தது; சென்சார் இருந்ததோ வலதில், அதனால் இரண்டு மாதம் பட்டை அசையவில்லை. இடது தீர்ந்து வலதுக்கு மாறிய பிறகு ஒரே சிலிண்டரின் இறக்கத்தை இரண்டாகக் காட்டியது. அன்று இரவு எங்களிடம் இருந்தது பன்னிரண்டு மணி நேரக் கேஸ் இல்லை, ஆறு மணி நேரக் கேஸ். பத்திலிருந்து நாலு. கணக்கு அவ்வளவு கச்சிதமாக இருந்ததுதான் இன்னும் எரிச்சல்.

கடைக்குப் போன் செய்தேன். "குளிர், வெயில் மாறினா அப்படி இப்படிக் காட்டும் சார்" என்றார். இதில் கால்வாசி உண்மை இருக்கிறது. திரவ புரொப்பேனில் ஒலியின் வேகம் வெப்பநிலைக்கு ஏற்ப மாறும். அதனால்தான் ஒழுங்கான சென்சாருக்குள்ளேயே வெப்பமானி ஒன்றையும் வைத்து ஈடுசெய்கிறார்கள். அப்படியும் இரண்டு மூன்று சதவீதம் ஆடலாம். ஆனால் வேறு வேறு உலோகத்தில், வேறு வேறு சிலிண்டரில் இருக்கும் இரண்டு சென்சார் ஐந்து மாதமாக ஓர் எண்கூடப் பிசகாமல் ஒன்றையே சொல்லுமா? இதைக் கேட்டதும் பேச்சு மாறியது. சென்சாரை நான் கழற்றிப் பார்த்துவிட்டேனாம், வாரண்டி போய்விட்டதாம். கழற்றவே இல்லை, குனிந்து பார்த்தேன் என்றேன். மறுபடி கொண்டுவந்தால் சரியாகப் பொருத்தித் தருவதாகச் சொன்னார். கூலி மட்டும் தனியாம்.

நேரில் போனபோது சமாதானமாக ஒரு பொருளைக் கொடுத்தார். ரெகுலேட்டர் குழாய்க்கும் சிலிண்டருக்கும் நடுவே திருகி மாட்டும் வயர்லெஸ் அளவுமானி. "இது லெவல் காட்டும், அலுமினியத்துக்கும் சரிப்படும்" என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தால் அது அழுத்தம் காட்டும் கருவி! ஏமாற்றியதற்கு நஷ்டஈடாக இன்னொரு ஏமாற்று.

இந்த இடத்தில் பலர் விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். சிலிண்டருக்குள் துளித் திரவம் இருக்கும்வரை அழுத்தத்தை முடிவுசெய்வது வெப்பநிலைதான், மீதி அளவு இல்லை. 20 டிகிரி செல்சியஸில் முக்கால் சிலிண்டர் இருந்தாலும் கால் சிலிண்டர் இருந்தாலும் அழுத்தம் ஏழு பார் சொச்சம்தான். அதே சிலிண்டர் இரவில் பூஜ்ய டிகிரிக்குப் போனால் கிட்டத்தட்ட பாதியாகிவிடும், ஒரு கிராம்கூடச் செலவாகாமல். காலையில் வெயில் பட்டதும் முள் ஏறும். கேஸ் வளர்ந்துவிட்டதுபோல இருக்கும். திரவம் மொத்தமும் தீர்ந்த பிறகுதான் முள் நிஜமாக விழும். அப்போது தெரிந்து என்ன பயன்? பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் பூசி இதை அளவுமானி என்று விற்பவர்களை நம்பாதீர்கள்.

நீங்கள் சென்சார் வைத்திருந்தால் சோதிக்க எளிய வழி, ஒரு வால்வை மூடிவிட்டு ஒரு நாள் ஓட்டுவது. மூடியதன் பட்டை அசையக் கூடாது. திறந்ததன் பட்டை இறங்க வேண்டும். பட்டை எப்போது கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது என்ற நேரத்தையும் பாருங்கள். சில ஆப்களில் சென்சாரின் பட்டன் பேட்டரி செத்துப்போனாலும் பழைய எண் அப்படியே திரையில் நிற்கும், குளிரில் அந்தப் பேட்டரிகள் சீக்கிரம் சோர்ந்துவிடும். சிலிண்டர் அளவைத் தப்பாகத் தேர்ந்தெடுத்திருந்தாலும் சதவீதம் கோணலாக வரும். இன்னொன்று, ஆப்பில் 100 என்பது சிலிண்டர் விளிம்புவரை என்று பொருள் இல்லை. வெயிலில் திரவம் விரிய இடம் வேண்டும் என்பதால் 80 சதவீதம்தான் நிரப்புவார்கள், அதையே 100 என்று காட்டுகிறார்கள்.

எதுவுமே இல்லாவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரைச் சிலிண்டரின் பக்கவாட்டில் ஊற்றி மேலிருந்து கீழே கையை ஓட்டுங்கள். எங்கே சட்டென்று குளிர்கிறதோ அதுவரை திரவம். இந்தப் பாட்டன் காலத்து வித்தைக்கு ப்ளூடூத் வேண்டாம்.

கேஸ் மொத்தமாகத் தீர்ந்து மறுபடி மாட்டுகிறவர்கள் முதலில் எல்லா அடுப்பையும் கருவியையும் அணைத்துவிட்டு, வால்வை மெதுவாகத் திறந்து, இணைப்புகளில் சோப்புநீர் தடவிக் கசிவு பாருங்கள். சடாரென்று திறந்தால் உள்ளே இருக்கும் பாதுகாப்புத் தடுப்பு விழுந்து கேஸ் நூல்போலத்தான் வரும், ஏதோ கெட்டுவிட்டது என்று பயந்துபோவீர்கள். இந்த லெவல் சென்சார் கசிவைக் கண்டுபிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தரையோடு தேங்கும். அதற்குத் தரைக்கு அருகே வைக்கும் கேஸ் அலாரம் தனியாக வேண்டும்.

நான் இப்போது வலது சென்சாரை மட்டும் வைத்திருக்கிறேன். இடது வால்வை எப்போதும் மூடியே வைத்து, வலது தீர்ந்தால் கையால் திறக்கிறேன். கொக்கித் தராசு வண்டியிலேயே தொங்குகிறது. அந்த அளவுமானியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணம் கேட்டேன். மூன்று முறை எழுதியும் பதில் இல்லை. பில் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. "சென்சார் இரண்டு, பொருத்திச் சரிபார்க்கப்பட்டது" என்று அவர் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறார்.