"கனடாவிலிருந்து பார்சல்" என்று வீட்டு ஃபோனுக்கு அழைத்தால் உடனே வையுங்கள்

யாழ்ப்பாணத்தில் உங்கள் அம்மா அப்பா தனியாக இருந்து, வீட்டில் இன்னும் 021இல் தொடங்கும் லேண்ட்லைன் இருந்தால், தயவுசெய்து இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். கொக்குவிலில் இருக்கும் என் பெரியம்மாவின் கணக்கிலிருந்து போன மாதம் இப்படித்தான் 48,500 ரூபாவை எடுத்தார்கள்.

அழைத்தவன் நல்ல தமிழில், மரியாதையாகக் கதைத்திருக்கிறான். "அம்மா, கட்டுநாயக்க சுங்கத்தில இருந்து கதைக்கிறன், கனடாவில இருந்து உங்கட மகன் பார்சல் ஒண்டு போட்டிருக்கிறார், வரி கட்டாட்டி இண்டைக்குப் பின்னேரம் பறிமுதல் செய்துபோடுவினம்." மகனின் பெயரை அவன் சொல்லவே இல்லை. பெரியம்மாதான் பதறிப்போய், மூத்தவரா என்று பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார், பிறகு அவன் அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டான். இங்கே எந்த வீட்டுக்கு எடுத்தாலும் கனடாவிலோ லண்டனிலோ சுவிஸிலோ ஒரு பிள்ளை இருக்கும், அவனுக்கு அது போதும்.

வீட்டு ஃபோனை அவன் தேடி எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். பழைய ஃபோனில் அழைக்கும் இலக்கம் தெரியாது, குரலை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. அதைவிட, லேண்ட்லைனில் கதைத்துக்கொண்டிருக்கும்போது மொபைல் சும்மா கையில் இருக்கும். வரியைக் கணக்கிலிருந்தே எடுக்கிறோம் என்று சொல்லி வங்கி அட்டையின் முன்பக்கத்து 16 இலக்கங்களையும் காலாவதித் திகதியையும் பின்பக்கத்து 3 இலக்கங்களையும் வாங்கினான். உடனே மொபைலுக்கு ஓடிபி, அதாவது காசு எடுக்க வங்கி அனுப்பும் ஒருதடவை இரகசிய எண், வந்தது. "அதுதான் பார்சல் நம்பர், வாசியுங்கோ, ஃபோனை மட்டும் வச்சிடாதேங்கோ." பெரியம்மா வாசித்துவிட்டார். யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று அந்தக் குறுஞ்செய்தியிலேயே இருந்தது, ஆனால் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் கையெழுத்து வைத்துக் கணக்குத் திறந்த மனுசிக்கு எச்சரிக்கையை ஆங்கிலத்தில் மட்டும் அனுப்புவது என்ன நியாயம்?

இரவு மகன் எடுத்தபோதுதான் பார்சல் ஒன்றும் போடவில்லை என்று தெரிந்தது. அடுத்தநாள் கிளைக்குப் போனோம். ஓடிபியை நீங்களே கொடுத்திருக்கிறீர்கள், ஒன்றும் செய்ய முடியாது என்று நின்ற நிலையிலேயே சொல்லி அனுப்பினார்கள். அழுதுகொண்டு நின்ற வயதான ஆளுக்கு ஒரு கதிரை கொடுக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. முறைப்பாட்டை எழுத்தில் வாங்கச் சொல்லி நான் வற்புறுத்தியதால்தான் வாங்கினார்கள்.

உங்களுக்கோ உங்கள் ஆட்களுக்கோ இப்படி நடந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அட்டையின் பின்னால் இருக்கும் வங்கி இலக்கத்துக்கு அந்த நிமிடமே எடுத்து அட்டையை முடக்குங்கள், பிறகு பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். வங்கி சரியாகப் பதில் சொல்லாவிட்டால் மத்திய வங்கியின் 1935க்கு எடுக்கலாம். இணையவழி மோசடிக்கு இலங்கை சேர்ட் (CERT) என்ற இணையப் பாதுகாப்பு அமைப்பின் 101 இருக்கிறது, தொல்லை அழைப்புகளுக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1900. சுங்கமோ வங்கியோ பொலிஸோ யாராக இருந்தாலும் ஃபோனில் ஓடிபி கேட்க மாட்டார்கள். யார் கேட்டாலும் கள்ளன்தான்.

இலக்கம் தெரியும் ஃபோன் ஒன்றை இப்போது வாங்கிக் கொடுத்திருக்கிறோம். ஆனால் திரையில் 011 என்று விழுந்தால் கொழும்பு அலுவலகம்தான் என்று நம்பிவிடக் கூடாது, இணையம் வழியாக அழைப்பவர்கள் விரும்பிய இலக்கத்தைக் காட்ட முடியும். தெரியாத வெளிநாட்டு இலக்கத்திலிருந்து ஒரு தடவை மட்டும் அடித்து நின்றால் திருப்பி எடுக்காதீர்கள், பில் ஏறும். வெளிநாட்டுக்கு எடுக்கும் தேவையே இல்லாத வீடு என்றால் அந்த வசதியை நிறுத்தித் தரும்படி தொலைபேசி நிறுவனத்திடம் கேளுங்கள்.

இன்னொன்று, இதுதான் எனக்குக் கூடக் கோபம் வந்த இடம். கொஞ்ச நாள் கழித்துப் பெரியம்மாவுக்குத் திரும்பவும் அழைப்பு. "போன காசை மீட்டுத் தாறம், பதிவுக்கு மட்டும் 5,000 ரூபா ரீலோட் போட்டு அனுப்புங்கோ." ஒரு தடவை ஏமாந்தவர்களின் இலக்கத்தை வைத்துக்கொண்டு மறுபடி வருகிறார்கள். இந்தத் தடவை பெரியம்மா கதைக்காமல் வைத்துவிட்டு எனக்கு எடுத்தார்.

கொக்குவில், திருநெல்வேலி, கோண்டாவில் பக்கம் யாருக்காவது இதே பார்சல் கதை வந்திருந்தால், எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியப்படுத்துங்கள். பொலிஸில் கொடுத்த முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கப் போகிறேன்.