கடைமடைத் தண்ணீர்க் கதையை எந்த ரேடியோவில் சொல்ல?

கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்துவிட்டு மூன்று வாரம் ஆகியும் திருநெல்வேலி மாவட்டம் பத்தமடைப் பக்கம் எங்கள் வயக்காட்டில் வாய்க்கால் காய்ந்தே கிடந்தது. நூலகத்தில் ஞாயிறு சாயங்காலம் கூடுகிற ஏழெட்டுப் பேரும் அன்றைக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு இதைத்தான் பேசினோம். தாமிரபரணியிலிருந்து பிரிகிற கன்னடியன் கால்வாயில் தலைமடைக்கும் கடைமடைக்கும் உள்ள தகராறு இன்று நேற்று வந்ததில்லை. அதன் உள்விவரம் தெரிந்த நீர்ப்பாய்ச்சிகள், அதாவது மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுகிறவர்கள், எல்லாரும் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களைப் பேசவைத்து, பதிவு செய்து, ரேடியோவில் கொடுக்கலாமே என்றார் ஒருவர். "எந்த ரேடியோவுல அண்ணாச்சி?" என்று இன்னொருவர் கேட்டார். அந்த இடத்தில் கூட்டம் நாலாகப் பிரிந்துவிட்டது.

விசாரிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. நான் வைத்துக்கொண்ட உரைகல் ஒன்றுதான். 'கடைமடைக்குத் தண்ணி வரல, ஏன் வரல' என்று எங்கள் ஊர்க்காரர் எங்கள் பேச்சிலேயே அங்கே கேட்க முடியுமா? கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் காதில் அது விழுமா?

முதலில் ஆகாசவாணி. திருநெல்வேலி வானொலி 1963-இல் தொடங்கியது, மீடியம் வேவ் 1197 கிலோஹெர்ட்ஸ். தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டி ரேடியோ வைத்திருந்த காலத்து ஆட்களுக்கு உள்ளூர் வானொலி என்றால் அதுதான். (திருச்செந்தூர், உவரிக் கடற்கரைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், அவர்களுக்கு இலங்கை வானொலிதான் பக்கத்து வீடு.) இதன் பலம் விவசாய நிகழ்ச்சி. வேளாண் அதிகாரியும் நீர்வளத் துறைப் பொறியாளரும் மறுக்காமல் வந்து உட்காரக்கூடிய மைக் இந்த வட்டாரத்தில் அது ஒன்றுதான். பதில் சொல்ல வேண்டியவரை எதிரில் உட்காரவைக்கிற தகுதி வேறு எவருக்கும் இல்லை. வில்லுப்பாட்டுக்கும் கணியான் கூத்துக்கும் விளம்பர இடைவேளை இல்லாமல் நேரம் ஒதுக்கவும் அரசு வானொலியால்தான் முடியும்.

ஆனால் கேள்வியின் பாதியிலேயே அது நின்றுவிடும். ஒலிபரப்பு நெறிமுறை என்று ஒன்று உண்டு. மத்திய, மாநில அரசுகளைப் பகைமையோடு விமர்சிக்கக் கூடாது, கட்சியைப் பெயர் சொல்லித் தாக்கக் கூடாது, எந்தச் சமூகத்தையும் தாக்கக் கூடாது. உரை என்றால் எழுதிக் கொடுத்து வாசிப்பதுதான் நெடுநாள் வழக்கம். எழுதியதும் எங்கள் நீர்ப்பாய்ச்சியின் 'சொல்லுதேன்' 'சொல்கிறேன்' ஆகிவிடும். 'தண்ணி வரல' என்ற ஆத்திரம் 'நீர் மேலாண்மையில் உள்ள சவால்கள்' ஆகிவிடும். அதைக் கேட்டால் அவரே, பேசுகிறவர் யார் என்று கேட்பார்.

இன்னொரு சிக்கல் கருவியில். இன்றைய செல்போனில் மீடியம் வேவ் கிடையாது. பழைய பெட்டியைத் தூசி தட்டி வைத்தாலும் பக்கத்தில் எல்இடி பல்பு எரிந்தால் ஒரே கொர்ர்ர் சத்தம். 'நியூஸ் ஆன் ஏர்' செயலியில் தெளிவாகக் கேட்கிறது, அதற்கு நெட் வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது செல்போன் கோபுரங்களும் படுத்துவிட்டன. ஸ்ரீவைகுண்டத்தில் என் சித்தி வீட்டில் பரணில் ஏறி பேட்டரி ரேடியோவைத் தேடி எடுத்தார்கள். உள்ளே செல் கசிந்து உப்புப் பூத்திருந்தது. வானொலி தேவைப்படுகிற நாளில் வானொலிப் பெட்டி இல்லை.

இரண்டாவது, தனியார் பண்பலை. கேட்கிற ஆட்களை வைத்து முடிவு செய்வதாக இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. முக்கூடலிலும் சேரன்மகாதேவியிலும் பீடி சுற்றுகிற பெண்கள், பத்தமடையில் பாய்த்தறியில் உட்கார்ந்திருக்கிறவர்கள், இவர்களுக்குக் கை ஓயாது, காது சும்மா இருக்கும். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடுவது பண்பலைதான். போன் போட்டால் எடுத்து, "என்னக்கா, சாப்பிட்டியளா?" என்று விசாரிக்கிறார்கள். இந்த விசாரிப்பைக் கேலி செய்கிறவர்கள் நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்து பீடி சுற்றிப் பார்த்தவர்களாக இருக்க மாட்டார்கள்.

எங்கள் உரைகல்லில் மட்டும் அது நிற்காது. தனியார் பண்பலைக்குச் சொந்தமாகச் செய்தியும் நடப்பு அலசலும் அனுமதியில்லை. ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். மின்தடை, குடிநீர், வானிலை, தேர்வு முடிவு போன்ற அறிவிப்புகள் செய்திக் கணக்கில் வராது. ஆகவே, நாளைக்குத் தண்ணீர் வராது என்று சொல்லலாம். ஏன் வராது என்று கேட்க முடியாது. எங்கள் பிரச்சினை முழுக்க அந்த 'ஏன்'தான்.

அடுத்தது பேச்சு. 'ஏலே'யும் 'வே'யும் அங்கே தாராளமாகப் புழங்குகின்றன, ஆனால் சிரிப்புக்கு. நாங்கள் ஒரு பெரியவரின் 27 நிமிடப் பதிவை ஒரு நிலையத்துக்கு அனுப்பினோம். அவர் யாரையோ வைத 40 நொடியை மட்டும் வெட்டி, பின்னால் சிரிப்புச் சத்தம் சேர்த்துப் போட்டார்கள். அந்த வசவுக்கு முன்னால் அவர் சொன்னது, தண்ணீரை நம்பி நாற்று விட்டு ஒரு போகம் முழுக்கப் போன கதை. ஒருவர் பேச்சைத் திருத்துகிறார், இன்னொருவர் அதை வைத்துச் சிரிக்கிறார். இரண்டு இடத்திலும் எங்கள் பேச்சு வெறும் பேச்சாக இருக்க முடியவில்லை.

மூன்றாவது, சமுதாய வானொலி. ஆசை எனக்கு இதில்தான், அதனால் கொஞ்சம் கறாராகப் பார்த்தேன். அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொன்னது. கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் இருந்த அனுமதி 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் கிடைத்தது. பாம்பனில் மீனவர்களுக்கென்றே 'கடல் ஓசை' 90.4-இல் 2016 முதல் ஒலிக்கிறது. காற்று, அலை, மீன், வலை என்று படகுக்காரர் பேச்சிலேயே ஒரு நிலையம் நடத்த முடியும் என்பதற்கு அது சாட்சி.

நம் பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சக்தி 100 வாட், கோபுரம் 30 மீட்டருக்கு மேல் கூடாது, எட்டுவது சுமார் 5 முதல் 10 கிலோமீட்டர். சேரன்மகாதேவியில் கம்பம் நட்டால் பத்தமடைக்குத் தெளிவாகக் கேட்கும், வீரவநல்லூருக்கு இழுத்துப் பிடித்துக் கேட்கும். கல்லிடைக்குறிச்சிக்கு எட்டாது. கால்வாய் புறப்படுவதே அங்கேதான்! கடைமடை புலம்புவது கடைமடைக்கு மட்டுமே கேட்கும். செய்தித் தடை இதற்கும் உண்டு. விண்ணப்பிக்கிற அமைப்பு மூன்று வருஷமாவது இயங்கியிருக்க வேண்டும். எங்கள் வட்டத்துக்கு ரசீதுப் புத்தகம்கூடக் கிடையாது.

நாலாவது, பாட்காஸ்ட், யூடியூப், வாட்ஸ்அப் குரல்பதிவு. செலவில்லை, தடையில்லை, 27 நிமிடத்தையும் அப்படியே போடலாம், தாராவியில் இருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் கேட்பார்கள். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் ஊர்வலத்தில் 17 பேர் செத்ததைப் பற்றிப் பெயர் சொல்லி, இடம் சொல்லிப் பேச இன்றைக்கு வசதியான இடம் அதுதான். நம் ஊர் நினைவுகளை வேறு எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஆனால் தடையில்லாத இடத்தில் யார் யார் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். கையில் சாதிக் கயிறு கட்டிய பையன்களின் போனில் ஓடுகிற பெருமைப் பாட்டும் அங்கேதான் இருக்கிறது. 2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டிய பிறகு வாட்ஸ்அப்பில் சுற்றிய சில குரல்பதிவுகளைக் கேட்டேன். இதை யாராவது ஒரு ஆசிரியர் நிறுத்தியிருக்கக் கூடாதா என்று தோன்றியது. வானொலி நெறிமுறையை முன்னால் குறை சொன்னவன் நான்தான்.

கடைசியில் எங்கள் முடிவு கலப்படம். ஒன்பது பேரைப் போனிலேயே பதிவு செய்தோம். முழுப் பேச்சும், வசவுகளோடு, பாட்காஸ்டில். சாதிப் பெயர் சொல்லித் திட்டுகிற இடத்தை மட்டும் நாங்களே நீக்கினோம். ஞாயிற்றுக்கிழமை மூன்று இதில் சண்டையிலேயே போயின. அதிலிருந்து பன்னிரண்டு நிமிடம் வானொலியின் விவசாய நிகழ்ச்சிக்கு, பொறியாளரிடம் கேட்க வேண்டிய நாலு கேள்விகளோடு அனுப்பியிருக்கிறோம். பீடித் திண்ணைகளுக்குப் பென் டிரைவில் கொடுத்திருக்கிறோம். சங்கத்தைப் பதிவு செய்ய மனுவும் போட்டாயிற்று. மூன்று வருஷத்தை இனிமேல்தான் எண்ண வேண்டும்.

முதல் பதில் போன வாரம் வந்தது. கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து விவசாயி ஒருவர், நாலு நிமிடக் குரல்பதிவு. "உங்க தாத்தா சொல்லுதது அம்புட்டும் பொய் வே. அன்னைக்கு மடையை அடைச்சது நாங்க இல்ல. யாருன்னு நான் சொல்லுதேன், நேர்ல வாங்க." வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறோம்.