உயரம் தனி, ஸ்பிரிங் தனி: என் காயில்ஓவர் செட்

என் மஸ்டா எம்எக்ஸ்-5 காரில் போட்டிருக்கும் காயில்ஓவர் (ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் ஒன்றாக வரும் சஸ்பென்ஷன்) செட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் அடிப்பாகம்தான். கீழ் பிராக்கெட்டைத் திருகினாலே உயரம் மாறுகிறது. ஸ்பிரிங்கின் ப்ரீலோடு, அதாவது பொருத்தும்போதே அதில் இருக்கும் அழுத்தம், அப்படியே இருக்கிறது. ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையமான காலரை இறக்கித்தான் காரைத் தாழ்த்த முடியும் என்கிற செட்களில், சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து கடகடக்கும். இதில் அந்தத் தொல்லையே இல்லை.

உயரத்தைத் தரையிலிருந்து அளக்காதீர்கள். சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்தால் டயர் தேய்மானம் கணக்கைக் கெடுக்காது. ஜாக்கியிலிருந்து இறக்கியதும் கார் தூக்கலாகவே நிற்கும். முன்னும் பின்னும் உருட்டிவிட்டு அளக்க வேண்டும். இந்தக் காரில் காயில்ஓவர் சக்கரத்துக்கு உள்ளே தள்ளி இருப்பதால், 5 மி.மீ. திருகினால் சக்கரத்தில் அதைவிட அதிகமாகவே மாறும். அப்புறம், சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ் போல்ட்களைக் கார் தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் முறுக்கியபடியே கிடந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

குறை என்றால், கூட வரும் ஸ்பேனர். மெலிசு, உயரத்தை நகராமல் பூட்டும் லாக் ரிங்கில் வழுக்குகிறது. நல்லதாக ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். உயரம் சரியானதும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். தாழ்த்தினால் கேம்பரும் (முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் சக்கரத்தின் சாய்வு) டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்) மாறிவிடும்.